யாருக்காகத் துடைக்கிறோம்?

வேங்கிக்காலில் வேலூர் சாலையை ஒட்டிய ஒரு மாடியில் தேகப்பயிற்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. ஊரில் எல்லோரும் அதை 'ஜிம்' என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். மாலை ஆறு மணிக்கு அதன் மேற்கு ஜன்னலில் அண்ணாமலை கறுத்துத் திரண்டு நிற்கும். கலெக்டர் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள், கடைக்காரர்கள், கல்லூரிப் பையன்கள், போலீஸ் தேர்வுக்காக உடம்பைத் தயார் செய்கிறவர்கள் என்று நாலு விதமான மனிதர்களும் அங்கே ஒரே பெஞ்சில், ஒருவர் எழுந்த பிறகு ஒருவராகப் படுத்து எழுந்திருக்கிறார்கள். நம் ஊரில் இப்படி நடக்கிற இடங்கள் அதிகமில்லை.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நாற்பத்தைந்து வயதில் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. "நடங்கள், இல்லாவிட்டால் எதையாவது தூக்குங்கள், சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள்" என்றார் டாக்டர். மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் நடப்பதைவிட, மாடியேறி இரும்பைத் தூக்குவது சுலபம் என்று நினைத்து இதைத் தேர்ந்தெடுத்தேன்.

என்னைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் சுத்தக்காரன். ஜிம்முக்குப் போகும்போது வீட்டிலிருந்தே ஒரு துண்டு கொண்டு போவேன். எந்தப் பெஞ்சில் படுப்பதற்கு முன்னாலும் அங்கே தொங்கும் பாட்டிலிலிருந்து மருந்தை அடித்துத் துடைத்துவிட்டு, அதன்மேல் என் துண்டை விரித்து, அதற்கப்புறம்தான் முதுகைச் சாய்ப்பேன். எத்தனையோ பேருடைய வியர்வை ஊறிய ரெக்ஸின் அது. என் ஜாக்கிரதையைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்ற பெருமையும் உள்ளூர இருந்தது. வேலை முடிந்தவுடன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவேன். எழுந்த பெஞ்சை ஒரு நாளும் துடைத்ததில்லை. ஏன் துடைக்க வேண்டும்? அதில் படுத்திருந்தவன் நான்தானே!

இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிற அகந்தை எனக்குப் புரிவதற்கு இரண்டு மாதமாயிற்று. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அங்கே ஓர் இளைஞன் வருவான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அதிகம் பேசமாட்டான். ஒருநாள் காலையில் கடைத்தெருவில் குப்பை வண்டிக்குப் பக்கத்தில், கையுறையும் பச்சை மேல்சட்டையுமாக அவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று மாலை அவன் எழுந்த பெஞ்சில் நான் படுக்க வேண்டியிருந்தது. பாட்டிலை எடுத்து மூன்று தடவை அடித்தேன். மற்றவர்கள் எழுந்த பெஞ்சுக்கு ஒரு தடவை போதுமென்று இருந்தவனுக்கு இவனுக்கு மட்டும் மூன்று தடவை எதற்கு என்று அன்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கை தானாக அடித்தது. கை தானாகச் செய்கிற காரியங்களில்தான் மனிதனுடைய உண்மையான கொள்கைகள் இருக்கின்றன போலும்.

இன்னொன்றையும் அன்று நான் கவனிக்கவில்லை. அவன் எழுந்தவுடனே, தன் இடுப்பில் செருகியிருந்த ஒரு சின்னத் துணியால் அந்தப் பெஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் நகர்ந்திருந்தான். தினமும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான்.

மூன்று வாரம் கழித்து என் முழங்கைக்கு மேலே காசு அளவில் ஒரு சிவப்பு வட்டம் தோன்றியது. அரித்தது. நாலு நாளில் விளிம்பு மட்டும் தடித்து வளர்ந்தது. படர்தாமரை. எனக்குக் கொதித்தது. இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த எனக்கா! எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் விடை கிடைத்துவிட்டது. அந்த விடை எனக்குள்ளே முன்னமே தயாராக உட்கார்ந்திருந்தது.

நான் பயிற்சி மாஸ்டரிடம் போய் யார்மேலும் புகார் சொல்லவில்லை. அவ்வளவு அநாகரிகமானவன் அல்ல நான். கையைக் காட்டினேன். பிறகு, "அந்தப் பையன் என்ன வேலை பார்க்கிறான், மாஸ்டர்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். மாஸ்டர் கெட்டிக்காரர், புரிந்துகொண்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பையனை ஆறு மணிக்குக் காணோம். அவனை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையாம். "ஒன்பது மணிக்கு மேல வாப்பா, கூட்டம் இருக்காது, ஃப்ரீயா செய்யலாம்" என்று மட்டும் சொன்னாராம். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவன் இரவு ஒன்பது மணிக்கு மேல் பளு தூக்க வேண்டும். அவனும் சரியென்று தலையாட்டியிருக்கிறான்.

நமது நாட்டில் ஒருவனைத் தள்ளிவைக்க இப்போதெல்லாம் கெட்ட வார்த்தை எதுவும் வேண்டியதில்லை. 'சுகாதாரம்' என்ற நல்ல வார்த்தையே போதும். அதைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

வட்டம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று. தோல் டாக்டரிடம் போனேன். நடுத்தர வயது அம்மாள். கையைப் பார்த்துவிட்டு, "வேற எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை டாக்டர். இடுப்பில் மட்டும் கொஞ்சம் வியர்வைக் கடி. அது வரும், போகும்."

"எத்தனை நாளா?"

"நாலஞ்சு மாசமா. ஒரு ஆயின்மென்ட் வாங்கி வெச்சிருக்கேன். போட்டா ரெண்டே நாள்ல அடங்கிடும்."

அவர் விளக்கைப் பிடித்து இடுப்பைப் பார்த்தார். ஆயின்மென்டின் பெயரைக் கேட்டார். பிறகு, பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்: "சார், இது வியர்வைக் கடி இல்லை. இதுதான் தாய். கையில இருக்கிறது இதோட குட்டி. நீங்க போடற ஆயின்மென்ட்ல ஸ்டீராய்டு இருக்கு. சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை அடங்காது. அது உள்ளே சௌக்கியமா வளரும். உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு."

நான் மெதுவாக, "ஜிம்மிலேருந்து வந்திருக்காதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"எப்ப சேர்ந்தீங்க?"

கணக்குப் பார்த்தேன். சேர்ந்து இரண்டு மாதம்கூட முடியவில்லை.

"அப்போ நீங்க அங்கேருந்து கொண்டுவரலை சார். இங்கேருந்து கொண்டு போயிருக்கீங்க" என்றார் அவர். அதில் கேலி இல்லை; அது ஒரு கூட்டல் கணக்கு மாதிரி இருந்தது.

காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். விஞ்ஞானத்தில் எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் அன்றிரவு தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுப் புரட்டிப் பார்த்தேன். நம் நாட்டில் சென்ற சில வருஷங்களாகப் பரவிவருகிற, மருந்துக்கு லேசில் மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-இல் விஞ்ஞானிகள் 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. அது இப்படித் தழைத்ததற்கு ஒரு முக்கிய காரணமாகச் சொல்லப்படுவது, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி நாமே தடவிக்கொள்கிற ஸ்டீராய்டுக் களிம்புகள். சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-இல் அரசாங்கம் விதியை இறுக்கியது. ஆனால் என் மேஜை டிராயரில் ஒரு டியூப் இருந்தது.

என் துண்டைப் பற்றி யோசித்தேன். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் அது துவைக்கப்பட்டது. இடுப்பையும் துடைத்தது, முகத்தையும் துடைத்தது, பெஞ்சு பெஞ்சாக விரிக்கப்பட்டது. சுத்தத்தின் கொடியாக நான் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தது என்ன என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற கால்பந்துக் குழுவில் 2003-இல் இப்படி ஒரு தொற்று வந்தது. இது பூஞ்சையல்ல, சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி. 58 ஆட்டக்காரர்களில் 5 பேருக்கு மொத்தம் 8 தடவை புண் வந்தது. ஆராய்ந்தவர்கள் கண்ட குறைகள் மிகச் சாதாரணமானவை: சிராய்ப்புகளைச் சரியாக மூடவில்லை, ஒரே துண்டை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள், கை கழுவுவதில் அலட்சியம். கோடிக்கணக்கில் பணம் புரளும் குழு அது. கிருமி வங்கிக் கணக்கைப் பார்ப்பதில்லை. நம்மில் பத்துப் பேரில் மூன்று பேருடைய மூக்கில் அந்தக் கிருமியின் சாதாரண வகை எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது என்கிறார்கள். அந்த மூன்று பேர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொழிலைக் கேட்டும் சொல்ல முடியாது.

இங்கேதான் எனக்கு ஒரு பழைய விஷயம் விளங்கியது. என் பாட்டி மடி ஆசாரம் பார்க்கிறவள். வயலில் வேலை செய்கிற ஆள் வந்தால் தாழ்வாரத்துக்கு வெளியே நிறுத்தி, உயரத்திலிருந்து அவன் கையில் தண்ணீரை ஊற்றுவாள். செம்பு அவன் விரலில் படாது. அவள் கெட்டவளல்ல, அவன் பசியோடு போக விடமாட்டாள். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, பெரியவனான பிறகு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை வைத்துக் கதைகள்கூட எழுதியிருக்கிறேன். 2020-இல் நோய் வந்து கோவில் வாசல்கள் மூடி, பௌர்ணமி கிரிவலத்துக்கே தடை வந்தபோது, "பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் தொடாதே என்று சொன்னது விஞ்ஞானம்!" என்று சில பெரியவர்கள் பூரித்துப்போனார்கள். அவர்களோடு வாதாடியவன்தான் நான். அப்போது ஆத்திரத்தோடு வாதாடினேனே தவிர, சரியான பதில் என்னிடம் இல்லை. இப்போது இருக்கிறது.

தீட்டு ஒருவழிப் பாதை. அது கீழே இருப்பவனிடமிருந்து மேலே இருப்பவனுக்கு மட்டுமே போகும். பாட்டியின் கையிலிருந்து அந்த ஆளுக்கு எதுவும் போய்விடும் என்று ஐயாயிரம் சாஸ்திரத்தில் தேடினாலும் கிடைக்காது. கிருமிக்கு அந்தப் பாதை தெரியாது. அது இரண்டு பக்கமும் போகும். ஆகவே தீட்டை நம்புகிறவன், தன்னைக் காத்துக்கொள்ளப் பிறரை நிறுத்துகிறான். கிருமியை அறிந்தவன், பிறரைக் காக்கத் தன்னையும் நிறுத்திக்கொள்கிறான். இரண்டு பேரும் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே மருந்தை அடிக்கலாம். பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. உட்காருவதற்கு முன்னால் மட்டும் துடைக்கிறானா, எழுந்த பிறகும் துடைக்கிறானா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

இது நம் நாட்டின் நோய் மட்டுமல்ல. வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. மருத்துவச்சிகள் பார்த்த பிரிவைவிட, டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில் தாய்மார்கள் அதிகமாகச் செத்தார்கள். பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வந்ததுதான் காரணம் என்று செம்மெல்வைஸ் என்ற இளம் டாக்டர் 1847-இல் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த நீரில் கையைக் கழுவச் சொன்னார். அந்த வருஷம் ஏப்ரலில் நூற்றுக்கு 18-க்கு மேலிருந்த சாவு, ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது. அப்படியும் பெரிய டாக்டர்களில் பலர் அவரை ஏற்கவில்லை. கனவான்களின் கையிலா சாவு ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற மனத்தாங்கல் அதில் ஒரு பங்கு. செம்மெல்வைஸ் 1865-இல் ஒரு மனநோய் விடுதியில் இறந்தார். கழுவுவதற்கு அந்த டாக்டர்களிடம் தண்ணீர் இல்லாமல் போகவில்லை. கழுவ வேண்டியது தன் கை என்று ஒப்புக்கொள்ள மனசு இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையல்காரி, தனக்கு நோயின் அறிகுறியே இல்லாமல் டைபாய்டுக் கிருமியைச் சுமந்தாள். 1907-இல் பிடித்துத் தனியே வைத்தார்கள். சமைக்கக் கூடாதென்ற நிபந்தனையோடு 1910-இல் விட்டார்கள். அவள் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமைத்தாள். 1915-இல் பிடித்தவர்கள் 1938-இல் அவள் சாகும்வரை விடவில்லை. அவள் செய்தது தவறு, சந்தேகமில்லை. ஆனால் அவளைப் போலக் கிருமி சுமந்தவர்கள் அந்த நகரத்தில் வேறு பலர் இருந்தார்கள். அவர்களை இப்படி ஆயுள் முழுவதும் அடைக்கவில்லை. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த வேலைக்காரியின் பெயர்தான் நோய்க்கே பெயராக நிலைத்தது. பயம் வந்தால் மனிதன் முதலில் தேடுவது மருந்தையல்ல, ஆளை. அந்த ஆள் பெரும்பாலும் ஏழையாக இருக்கிறான்.

தொலைவுக்குப் போவானேன்? எங்கள் ஜிம்முக்கு வெகு அருகில் இருக்கிற கலெக்டர் ஆபீஸிலிருந்து அதிகாரிகள் தண்டராம்பட்டுப் பக்கம் போய், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் தலித் மக்களை அழைத்துச் சென்றது 2023 ஜனவரி 30-இல்தான். அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து எழுபத்துமூன்று வருஷங்களுக்குப் பிறகு, அதுவும் போலீஸ் காவலோடு. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்து நான் பெருமூச்சு விட்டேன். அந்த ஊர்க்காரர்களுக்கும் எனக்கும் ரொம்ப தூரம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

"அப்படியானால் துடைக்கவே வேண்டாமா? சுத்தம் பார்ப்பதே தப்பா?" என்று நீங்கள் கேட்கலாம். அது வேறொரு அசட்டுத்தனம். கிருமி இருப்பது நிஜம். என் கையில் அரித்ததும் நிஜம். சமத்துவத்தின் பெயரால் எல்லோரும் ஒரே துண்டில் முகம் துடைத்தால் எல்லோருக்கும் சமமாகப் படர்தாமரை வரும், அவ்வளவுதான். செய்ய வேண்டியது என்னவோ கொஞ்சம்தான். மருந்தை அடித்தவுடனே துடைத்துவிடக் கூடாது. பாட்டிலில் போட்டிருக்கிற நேரம்வரை ஈரமாக இருக்கவிட வேண்டும். துண்டைத் தினமும் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். விரிக்கிற துண்டும் முகம் துடைக்கிற துண்டும் வேறாக இருக்க வேண்டும். சிராய்ப்பு இருந்தால் மூடிக்கொள்ள வேண்டும். போனதும் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பற்றக்கூடிய தோல்நோய் இருந்தால், டாக்டர் சரியென்று சொல்கிறவரை வீட்டில் இருக்க வேண்டும். இதில் எதற்கும் அடுத்தவன் என்ன வேலை செய்கிறான் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. சுகாதார விதி ஒன்று நியாயமானதா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை.

மருந்து சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். கடைசியில் டாக்டரம்மாள் உத்தரவு கொடுத்த அன்று, இரவு ஒன்பதரை மணிக்கு ஜிம்முக்குப் போனேன். மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தர்மசங்கடத்தோடு சிரித்து, "விடுங்க சார், இதுல என்ன இருக்கு" என்றார். உள்ளே அந்தப் பையன் மட்டும் இருந்தான். பெஞ்சிலிருந்து எழுந்து, இடுப்புத் துணியை எடுத்து, துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்றுதான் அதை நேராகப் பார்த்தேன். எனக்குத் தொண்டை அடைத்தது. தனக்குப் பிறகு வரப்போகிறவன் யாருமில்லாத அறையில் துடைக்கிறானே, இவனல்லவோ பண்புள்ளவன் என்று நினைத்தேன். எழுத்தாளன் அல்லவா, உடனே அவனை உயர்த்திவைத்து ஒரு சித்திரம் தீட்டிவிட்டேன். "யாரும் இல்லையே தம்பி, இப்பவும் துடைக்கணுமா?" என்று கேட்டேன்.

"பழகிடுச்சு சார். துடைக்காம எழுந்தா யாராச்சும் ஏதாச்சும் சொல்வாங்க" என்றான்.

என் சித்திரம் கலைந்தது. நான் பண்பு என்று பார்த்ததில் பாதியாவது பயம். நாங்கள் அவனிடம் தினமும் வசூலித்துக்கொண்டிருந்த வரி அது. துடைக்காமல் எழுந்திருக்கிற சுதந்திரம் எனக்கு இருந்தது, அவனுக்கு இருக்கவில்லை. நான் செய்திருக்க வேண்டிய காரியத்தைத்தான் அவன் செய்தான், ஆனால் அவனை அதைச் செய்யவைத்த காரணம் நியாயமானதல்ல. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவனைப் பார்த்து எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் அது அவனை இன்னொரு தடவை உபயோகித்துக்கொள்வதாகும்.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் இடுப்பு, என் துண்டு, மாஸ்டரிடம் நான் கேட்ட கேள்வி, எதையும் விடவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபிப்பான் என்று எதிர்பார்த்தேன். "பரவாயில்லை சார்" என்பான் என்றும் ஒரு மூலையில் ஆசைப்பட்டேன். இரண்டும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் துணியை மடித்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினான். தோளுக்குக் கீழே காசு அளவில் ஒரு வட்டம்.

"அந்த டாக்டரம்மா எங்கே சார் இருக்காங்க?" என்று கேட்டான்.

அது என்னிடமிருந்துதான் போனதா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நான் வியர்வையோடு எழுந்துபோன எத்தனையோ பெஞ்சுகளில் எதில் எவர் படுத்தாரோ! மறுநாள் இரண்டு பேருமாகப் போனோம். பணம் நான் கொடுக்கிறேன் என்றேன், அவன் சம்மதிக்கவில்லை. மருந்துக் கடையில், சீட்டில் எழுதாத களிம்பு எதையும் வாங்காதே என்று மட்டும் சொன்னேன்.

குணமானதும் அவன் மறுபடி ஆறு மணிக்கே வருகிறான். மேற்கு ஜன்னலில் மலை அதே மாதிரி நிற்கிறது. நான் இப்போது எழுந்த பிறகும் துடைக்கிறேன். அதைப் பார்த்துப் புதிதாகச் சேர்ந்த ஒரு கடைக்காரர், "என்ன சார், உங்களுக்கு ஏதாவது வியாதியா?" என்று நேற்றுக் கேட்டார். நான்கு பேருக்கு முன்னால் அப்படிக் கேட்டபோது முகம் சுட்டது. அந்தப் பையன் அங்கே இருந்தான், என்னைப் பார்க்கவில்லை. "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சின் ஓரத்தையும் துடைத்தேன்.